நஸபை அறிவது எதற்காக?

நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, அவர்களுடைய பாட்டனாரின் தகப்பனார் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். சிலர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அந்தப் பெரியவருக்குப் பெண் மக்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த வீடுகள், நாம் அறிந்தவரை, மிகச் சொற்பமே.

இக்காலத்தில் வம்சாவளியைத் தேடும் ஆர்வம் நம்மவரிடையே வளர்ந்திருக்கிறது. கையிலிருக்கும் அலைபேசியிலேயே பழைய பத்திரங்களையும் பட்டியல்களையும் பார்க்க முடிகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோர ஊர்களிலும், செங்கல்பட்டு நகரிலும் இந்தத் தேட்டம் கொஞ்சம் அதிகமாகவே காணப்படுகிறது. காரணத்தை மறைப்பானேன்? கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு சவுக்குத் தோப்பும் மணல் மேடும் பொன் விலை பெற்றுவிட்டன. நிலத்தை விற்கப் போகிறவருக்குப் பாட்டனார் நினைவுக்கு வருகிறார். வேறு சிலரோ, தாம் அரபு நாட்டு வணிகரின் வழிவந்தவர், நவாபின் உறவினர், ஸஹாபாக்களின் சந்ததி என்று காட்ட ஏதேனும் ஏடு கிடைக்காதா என்று தேடுகிறார்கள். கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் காலங்காலமாகப் போற்றிவரும் தர்கா இருப்பதால், இந்தப் பகுதியில் அந்த ஆசைக்குக் குறைவில்லை.

மார்க்கம் இது குறித்து என்ன சொல்கிறது? உறவினரைச் சேர்ந்து நடப்பதற்கு எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்கு வம்ச முறையைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே அன்றி மேன்மை பாராட்டுவதற்கல்ல என்பது திருமறையின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனத்தின் கருத்து. வளர்ப்புப் பிள்ளையையும் அவனைப் பெற்ற தகப்பனின் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்று 33ஆம் அத்தியாயம் 5ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அறிய வேண்டும், மாற்றிச் சொல்லக் கூடாது, பெருமை பேசக் கூடாது என்ற மூன்றும் இவற்றிலிருந்து தெரிகின்றன.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு செய்தி இங்கே சிந்திக்கத் தக்கது. ஹிஜ்ரி 20ஆம் ஆண்டை ஒட்டி, பைத்துல் மாலிலிருந்து மக்களுக்குரிய தொகையை முறையாக வழங்குவதற்காக அவர்கள் ‘திவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். அதை எழுதுவதற்கு வம்ச அறிவில் தேர்ந்த அகீல் இப்னு அபீதாலிப், ஜுபைர் இப்னு முத்இம், மக்ரமா இப்னு நவ்பல் (ரலி-அன்ஹும்) ஆகிய மூவரை நியமித்தார்கள். பட்டியலைக் கலீபாவின் குடும்பத்திலிருந்து தொடங்க முற்பட்டபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் நெருங்கிய உறவினரிலிருந்து தொடங்கச் செய்து, தம் குடும்பம் எந்த இடத்தில் வருமோ அந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்கள். இஸ்லாமிய ஆட்சியில் நஸபு ஏட்டில் ஏறியது, உரியவருக்கு உரியதைக் கொடுப்பதற்காகவே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நமக்குப் பழக்கமான ஓர் அன்பருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறோம். கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட கடலோரத்தில் அவருடைய பாட்டனாருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. பாட்டனாருக்குப் பின் தகப்பனார், தகப்பனாருக்குப் பின் இவர் என்று அனுபவித்து வந்தார்கள். பட்டாவும் இவர் பெயரிலேயே இருந்தது. விற்பதற்குப் பேச்சு நடந்தபோது வாங்குபவர் வில்லங்கச் சான்று கேட்டார். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்துத் தேடினார் இவர். 1978இல் பதிவான ஒரு விடுதலைப் பத்திரம் அதில் தென்பட்டது. எழுதிக் கொடுத்தவர் பெயரை இவர் அறிந்திருந்தார். அது சின்ன அத்தை. ஆனால் பத்திர நகலை வாங்கிப் படித்தபோது, இவர் கேள்விப்பட்டிராத இன்னொரு பெண்ணின் பெயரும் அதில் இருந்தது. மூத்த மகள் தகப்பனாருக்கு முன்பே காலஞ்சென்றுவிட்டபடியால் அவருக்கோ அவருடைய மகனுக்கோ பங்கில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

சட்டப்படி அது சரியான வாசகம்தான். தகப்பன் உயிரோடிருக்கையில் மகள் இறந்துவிட்டால், தகப்பனுக்கு மகன் இருக்கும் நிலையில், அந்த மகளின் பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். ஆனால் வாசகம் சரியாக இருப்பது வேறு, அதிலுள்ள செய்தி உண்மையாக இருப்பது வேறு. வீட்டுக்கு வந்து தம் வயதான தாயாரிடம் இதைச் சொன்னாராம். தாயார் கேட்டுவிட்டு, “முன்னாடியே மவுத்தா? உன் பாட்டனார் மையித்துக்கு வந்து உன் பெரிய அத்தை அழுததை நான் பார்த்தேனே!” என்றாராம்.

பாட்டனாரின் மீஸான் கல்லைப் போய்ப் பார்த்தார். ஹிஜ்ரி 1380, ரமலான் என்று இருந்தது. பெரிய அத்தை வாழ்க்கைப்பட்ட இடம் செங்கல்பட்டு. அங்குள்ள பள்ளிவாசலின் பழைய கணக்கு நோட்டில் மையித் செலவு எழுதிய பக்கத்தில் அவருடைய பெயர், இன்னார் மனைவி என்ற குறிப்புடன், ஹிஜ்ரி 1383 ஷஃபானில் வந்திருந்தது. ஹிஜ்ரி ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றித் தரும் தளங்கள் பல உள்ளன. பிறை பார்த்தலில் ஒரு நாள், இரண்டு நாள் முன்பின்னாகும், அவ்வளவுதான். முதல் தேதி 1961 பிப்ரவரி, மார்ச்சில் விழுகிறது. இரண்டாவது 1963 டிசம்பரிலோ 1964 ஜனவரியிலோ விழுகிறது. ஆக, மகள் தகப்பனாருக்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்திருக்கிறார்.

இந்த மூன்று ஆண்டுகள் என்ன செய்துவிடும் என்பதை வாசகர்கள் கணக்காகவே பார்ப்பது நல்லது. பாட்டனார் மறைந்தபோது அவருடைய பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருந்தனர். கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சிய சொத்தை 384 பங்காக வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 48. மீதி 336இல் மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாக, மகனுக்கு 168, மகள் ஒவ்வொருவருக்கும் 84. பிறகு மூத்த மகள் இறக்கிறார். அவருடைய 84 பங்கு சகோதரனுக்குத் திரும்பிப் போவதில்லை. அவருக்குக் கணவர், தாய், ஒரு மகன் இருந்தனர். கணவருக்கு நாலில் ஒன்றாக 21, தாய்க்கு ஆறில் ஒன்றாக 14, எஞ்சிய 49 மகனுக்கு. இப்படி ஒரு சொத்து பிரிக்கப்படாமலே கிடந்து, வாரிசுகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தபின் பங்கு கட்டுவதை ‘முனாஸகா’ என்று பராயிள் கலையில் சொல்வார்கள். ஹனபி, ஷாபியீ இரு மத்ஹபுகளிலும் மேற்கண்ட கணக்கில் வேற்றுமை இல்லை. யார் முதலில் இறந்தார், யார் பின்னர் இறந்தார் என்ற ஒரு செய்தி தவறினாலும் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

அந்த ஒற்றை வரியை எழுதியவர் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று நாம் ஆராயவில்லை. எல்லோரும் மறைந்துவிட்டார்கள். ஆனால் இந்த வழக்கம் நம்மில் எவ்வளவு பரவலானது என்பதை நாமறிவோம். பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி நிலத்தில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் ஐந்து வேளையும் தொழுகிறவர்களாகவும் இருக்கிறார்கள். பெற்றோர் விட்டுச் சென்றது கொஞ்சமானாலும் அதிகமானாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் விதிக்கப்பட்ட பாகம் உண்டு என்பது 4ஆம் அத்தியாயம் 7ஆம் வசனத்தின் தெளிவான கட்டளை. தகப்பனார் மறைந்தபின் சகோதரி மனமொப்பி விட்டுக் கொடுத்தால் அது செல்லும். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் கைநாட்டு வைத்தால் அது மனமொப்பியதாகுமா? நீண்ட காலம் கடந்துவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குக்குக் காலாவதி என்று ஒன்று உண்டு. ஆலிம்களைக் கேட்டால், பிறர் உரிமை அப்படிக் காலாவதியாவதில்லை என்பார்கள்.

இனி, தேடுகிறவர்கள் எங்கெங்கே எதைக் காணலாம் என்பதைச் சொல்லுவோம். பதிவுத்துறைத் தளம் முதலாவது. அதில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தியதை உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்தே பெற வேண்டியிருக்கும். நம் கடலோரத்திற்குத் திருப்போரூர், திருக்கழுக்குன்றம் அலுவலகங்களை முதலில் நினையுங்கள். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், அதிலுள்ள பாகப்பிரிவினை, விடுதலை, தானம் ஆகிய பத்திரங்களின் நகலை வாங்கிப் படியுங்கள். விற்பனைப் பத்திரத்தில் ஒரு வீட்டின் ஆண்கள் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். விடுதலைப் பத்திரத்தில்தான் சகோதரிகள் பெயரோடும் கணவர் பெயரோடும் ஊரோடும் வருகிறார்கள். பங்கைப் பிடுங்குவதற்காக எழுதிய பத்திரமே அவர்கள் வாரிசுகள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது! ஒன்றை மறந்துவிடலாகாது. முஸ்லிம்கள் ஷரீஅத் முறைப்படி கொடுக்கும் ஹிபாவைப் பதிவு செய்தே ஆக வேண்டுமென்பதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆகவே வில்லங்கத்தில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு இவற்றை வருவாய்த் துறையின் தளத்தில் பார்க்கலாம். இப்போது யார் பெயரில் உள்ளது என்பதை மட்டும் அது காட்டும். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பல இடங்களில் அன்று நிலத்தில் இருந்தவர் பெயரையே எழுதிப் போனார்கள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் அன்று நிலத்தில் நிற்கவா போகிறாள்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்கள் தேர்தல் துறையின் இணையதளத்தில் கிடைத்தன. தாய் தகப்பன் பெயரைத் தேடி வீடு வீடாக எல்லோரும் அலைபேசியும் கையுமாக இருந்த காட்சி நினைவிருக்கும். அந்தப் பக்கங்களைப் பத்திரப்படுத்தாதவர்கள் இனியாவது பத்திரப்படுத்தட்டும். வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் ஆகியவை ஒரே இடத்தில் இருக்கின்றன. பெயரை எழுதியிருக்கும் விதம்தான் சோதனை. முகமது, முஹம்மது, மொகமது, மகம்மது என்று ஒரே ஆள் நான்கு ஆளாவார். சாகிபு, சாயபு, சாஹிப் என்று மாறுவார். பெண்களோ ஓரிடத்தில் பீ, இன்னோரிடத்தில் பீவி, மற்றோரிடத்தில் அம்மாள். எல்லா விதத்திலும் எழுதித் தேடிப் பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது.

செங்கல்பட்டு என்ற பெயரே தேடுவோரைத் தடுமாற வைப்பது. பழைய செங்கல்பட்டு ஜில்லா சென்னையைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பு. அது 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 முதல் உள்ளது. எனவே தேடும் ஆண்டுக்குத் தக்கபடி மாவட்டத்தின் பெயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ காஜி உத்தியோகத்துக்கோ மானியம் பெற்றிருந்த குடும்பத்தினர், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். மானியதாரரின் பெயர், வயது, அவர் முதலில் மானியம் பெற்றவருக்கு என்ன உறவு என்பதற்கெல்லாம் அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இதற்கு நேரில் போவதே சிறந்த வழி.

சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரரின் துறைமுகமாக இருந்தது. அவர்களுடைய கோட்டையும் கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. எழும்பூர்க் காப்பகத்திலுள்ள டச்சு ஆவணங்களின் நிழற்பிரதிகளை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் தன் தளத்தில் வைத்திருக்கிறது. பழைய டச்சு மொழி என்பதால் நம்மில் யார் படிப்பது! வரலாறு பயிலும் பிள்ளைகள் முயலட்டும். சிங்கப்பூர், பினாங்கு சென்ற பெரியவர்களைத் தேடுவோருக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இலங்கை உறவுகளுக்கு ‘நூலகம்’ தளம் உதவும்.

அயல்நாட்டு வம்சாவளித் தளங்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான தொகுப்புகள் பெரும்பாலும் மாதாகோயில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளிலிருந்து எழுந்தவை. நம் பாட்டிமார் அங்கே இருக்க நியாயமில்லை. புகழ்பெற்ற ‘பேமிலி சர்ச்’ தளம் அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவச் சபையினர் நடத்துவது. இறந்த முன்னோருக்காகத் தம் நம்பிக்கைப்படி சடங்கு செய்வதும் அவர்கள் வம்சப் பதிவுகளைத் திரட்டியதற்கு ஒரு காரணம். படிப்பதில் குற்றமில்லை. குடும்ப மரத்தை அங்கே ஏற்றுமுன் இதை அறிந்திருக்க வேண்டும். எந்தத் தளமானாலும், உயிரோடிருக்கும் பெண்களின் பெயரையும் பிறந்த தேதியையும் படத்தையும் ஊரறிய ஏற்றுவது வேண்டாத வேலை. மக்கள்தொகைக் கணக்கில் பாட்டனாரைத் தேடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதர் விவரம் யாருக்கும் காட்டப்படுவதில்லை.

எந்தத் தளத்திலும் இல்லாத பொக்கிஷம் நம் மஹல்லாவின் நிக்காஹ் தப்தர். மணமகள், அவளுடைய தகப்பனார், வலி, வக்கீல், சாட்சிகள், மஹர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். வேறெந்த ஏட்டிலும் பெண்ணானவள் தன் பெயருடன் இவ்வளவு முழுமையாக நிற்பதில்லை. அந்தத் தப்தர்கள் கரையான் அரித்தும் மழையில் ஊறியும் கிடக்கும் பள்ளிவாசல்களை நாம் பார்த்திருக்கிறோம். பந்தலுக்கும் விளக்கலங்காரத்துக்கும் செலவிடும் ஜமாஅத்துகள், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த ஒரு வாலிபரை அமர்த்தினால் அதிகச் செலவாகிவிடாது. பொதுத் தளத்தில் போட வேண்டியதில்லை. கேட்டு வரும் குடும்பத்தாருக்கு மட்டும் காட்டினால் போதும்.

நம் அன்பர் செங்கல்பட்டுத் தப்தரிலும் தேடினார். பெரிய அத்தையின் நிக்காஹ் பிறந்த ஊரில் நடந்திருந்தபடியால் அங்கே இல்லை. தம் ஊர்த் தப்தரிலேயே கிடைத்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் இவருடைய தகப்பனார்.

அத்தையின் மகன் செங்கல்பட்டிலேயே இருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நோட்டின் நகலையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இவர் அவர் வீட்டுக்குப் போனார். மாமன் வீட்டிலிருந்து அந்த வாசலுக்கு ஒருவர் வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்றாம். காகிதங்களை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் சாப்பிடச் சொன்னாராம் அவர். பிறகு இருவருமாக ஓர் ஆலிமிடம் சென்று கணக்குக் கட்டினார்கள். 49 பங்கின் விலையை இவர் கொடுக்க முன்வந்தார். அவர் பாதியை வாங்கிக்கொண்டு மீதியை மனமொப்பி விட்டுக் கொடுத்தார். இந்த முறை அதைச் சாட்சிகளோடு எழுதியிருக்கிறார்கள். பாட்டியாரிடம் சேர்ந்த 62 பங்கு அவருக்குப் பின் மகனுக்கும் சின்ன மகளுக்கும் உரியது. 1978 பத்திரத்தில் அது அடங்குமா என்று சின்ன அத்தையின் மக்களிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

மிஞ்சியிருப்பது பெரிய அத்தையின் கணவருடைய 21 பங்கு. அவர் பின்னர் மறுமணம் செய்து வாணியம்பாடிப் பக்கம் போய்விட்டாராம். அந்த மனைவியின் பெயர் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.